வீதியைக் கடக்கும் கார்

செவ்வாய்க்கிழமை எங்கள் வீதியின் வலப் பக்கத்தைக் கூட்டிக் கழுவுவார்கள். புதன்கிழமை இடப் பக்கத்தை. ஆகவே செவ்வாய் காலை காரை இடப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும், புதன் காலை திரும்பவும் வலப் பக்கம். கணவருக்குப் பாரிசவாதம் வந்த பிறகு அந்தக் கார் போன பயணமெல்லாம் இவ்வளவுதான். பனிக்காலத்தில் அதுவும் இல்லை. பனி அகற்றுகிற நாளில், வழியில் நிற்கிற கார்களை இழுத்துப்போக ஏழு மணிக்கு இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டு வரும், நான் பனி அள்ளுகிற சவளோடு இறங்கி ஓடுவேன். பனிக்குள் புதைந்து கிடக்கும் காரைத் தோண்டி எடுத்து அடுத்த வீதியில் புதைத்துவிட்டு வேலைக்குப் போவேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோண்டும்போது காரை ஏசுவேன், நகரசபையை ஏசுவேன், அந்தக் காரை வாங்கியவரையும் ஏசுவேன். வாங்கியவர் மூன்றாம் மாடி யன்னலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, விளங்குகிற இடது கையால் எனக்கு சைகை காட்டிக்கொண்டிருப்பார். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பு, இன்னும் ஒடி, நில். முப்பது வருஷம் பக்கத்து ஆசனத்தில் இருந்து சொன்னதை இப்போது மேலிருந்து சொல்கிறார் என்று பற்றிக்கொண்டு வரும். லைசென்ஸ் எடுத்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பக்கத்தில் இல்லாமல் நான் எங்கும் ஓட்டியதில்லை. தனியாக ஓட்டியதெல்லாம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்தான்.

காரின் பெயரை எழுதப்போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போய்விட்டது. அமெரிக்கக் கார். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜப்பான் கார் வாங்க, இவர் ஒருவர்தான் அந்த ஒரே வகையை மாற்றி மாற்றி மூன்று முறை வாங்கினார். அதன் சரித்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். பூப்புனித நீராட்டு விழாவானாலும் செத்தவீடானாலும் யாராவது கார் என்று வாயெடுத்தால் போதும், தொடங்கிவிடுவார். குதிரை வண்டி செய்த ஒரு பட்டறையில் ஆரம்பித்ததாம். பிறகு பெரிய கொம்பனி ஒன்று அதைச் சேர்த்துக்கொண்டதாம். பணக்காரனுடைய காரும் இல்லையாம், ஒன்றும் இல்லாதவனுடைய காரும் இல்லையாம், நடுவில் நின்றுகொண்டு கொஞ்சம் வேகமாகப் போக ஆசைப்படுகிறவனுடைய காராம். கடைசியில் தாய்க் கொம்பனி நொடித்தபோது எந்தப் பிள்ளையை வைத்திருப்பது, எதைக் கைவிடுவது என்று பார்த்து இதைக் கைவிட்டுவிட்டார்களாம். அந்த இடம் வந்ததும் குரல் இறங்கிவிடும். மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்த கிழமையே மனுஷன் போய், பழையதைக் கொடுத்துவிட்டு அதே காரில் புதிது ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மற்றவர்கள் இறங்கி ஓடுகிற கப்பலில் இவர் போய் ஏறினார். அந்தக் கார்தான் இது.

மாதா கோயிலில் சுவாமியார் தீர்த்தம் தெளித்து அதை ஆசீர்வதித்தார். தை மாதம். பொனற்றில் விழுந்த துளியெல்லாம் விழுந்த இடத்திலேயே உறைந்துபோனது. கண்ணாடியில் தொங்கவிட்ட செபமாலை கடைசி வரை அங்கேயே தொங்கியது.

ஏன் இந்தக் கார் என்று கலியாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். அவர் அகதியாக வந்து இறங்கிய நாள் வெளியே பனி, காலில் சாதாரணச் சப்பாத்து. கூட்டிப்போக வந்த கோயில்காரர் ஒரு வெள்ளைக்காரர், அவரிடம் இருந்தது இந்த வகைக் கார். ஏறி உட்கார்ந்ததும் கீழிருந்து சூடு வந்து காலைப் பிடித்ததாம். "கால் திரும்பி வந்திட்டுது எண்டு அப்பதான் தெரிஞ்சது," என்றார். கொம்பனியின் சரித்திரமெல்லாம் பிறகு படித்துச் சேர்த்துக்கொண்டது.

போன ஆவணியில் அந்தக் கால்தான் போனது. வலது கால், வலது கை, பேச்சில் முக்கால்வாசி. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு எழும்புகிற எண்ணமே இல்லாமல் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு தலையணையைத் தரையில் போட்டு, காலால் அமத்தச் சொன்னாள். அவர் அசையவில்லை. அவள் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, கீழே நிற்கிற கார் உங்களுடையதா என்று பிரெஞ்சில் கேட்டாள். தலையை ஆட்டினார். அப்படியென்றால் இது பிரேக், அமத்துங்கள் என்றாள். அமத்தினார். எனக்கு அழுகை வந்தது.

படியிறங்கும்போது அவள் என்னிடம், அவருக்கு ஆசைப்பட ஒன்று கிடைத்திருக்கிறது, அதைப் பறித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முதல் ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் தலையணையைப் போடுவேன். அவர் அமத்துவார், நான் எண்ணுவேன். ஒண்டு, ரெண்டு, நல்லது, இன்னும் கொஞ்சம், மூண்டு. இருபது வரை. அந்தக் கால் பலத்தால்தான் ஐப்பசியில் கோலைப் பிடித்துக்கொண்டு குசினி வரை நடந்தார்.

ஐப்பசியில்தான் அந்தக் கடிதமும் வந்தது. வைத்தியரின் அறிக்கையைப் பார்த்தார்களாம், இனி அவர் வாகனம் ஓட்ட முடியாதாம், லைசென்ஸ் அட்டையைத் திருப்பி அனுப்பவேண்டுமாம். தபால் பெட்டியடியிலேயே நின்று வாசித்தேன். நான் சிறுவர் காப்பகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே வருகிற பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துப் பழக்கம், ஆனபடியால் விளங்கவில்லை என்று என்னையே ஏமாற்றவும் வழியில்லை. இதைக் காட்டினால் மனுஷன் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பிறகு யார் எழுப்புவது? என்னிடம் அந்தச் சக்தி இருக்கவில்லை. ஒளித்துவிட்டேன். அலுமாரியின் அடித்தட்டில் பாலன் குடில் பெட்டி இருக்கிறது. மாதா, சூசையப்பர், ஆடுமாடுகளெல்லாம் பழைய பேப்பரில் சுற்றி நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வெளியே எடுக்கிற பெட்டி. அதன் அடியில் பேப்பருக்குக் கீழே வைத்தேன். கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

பிறகு அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பனிக்காலம் போனது. அவரிடம் மிஞ்சியிருந்த சொற்களில் அதுவும் ஒன்று.

"கார்... ஓடுதோ?"

"ஓம், ஓடுது. பற்றரி பரவாயில்லை."

தேவையில்லாத காருக்காகப் பனி தோண்டி, கை வலித்து, பொய்யும் சொல்லி, அந்தக் கோபத்தை அவர் மேலேயே கொட்டினேன். கோப்பை தட்டுப்பட்டால் ஏசினேன். சப்பாத்தை மாற்றிப் போட்டால் ஏசினேன். காரைச் சொல்லி ஏசினேன். அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். பேச முடியாதவரை ஏசுவது எவ்வளவு லேசு என்பது வெட்கக்கேடான விஷயம்தான். தெரிந்துகொண்டுதான் ஏசினேன்.

மார்கழியில் ஒருநாள் வேலையால் வருகிறேன், யன்னலுக்குக் கீழே குடில் நிற்கிறது. ஒற்றைக் கையால் மனுஷன் அடுக்கியிருக்கிறார். ஓர் இடையன் மட்டும் படுத்துக் கிடந்தான். சந்தோஷத்தில் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. வருஷா வருஷம் குடில் கட்டுகிறவர் அவர்தானே? புத்தி கெட்டவள் நான் கடிதத்தைக் கொண்டுபோய் அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் கழிவறைக்குப் போனதும் பெட்டியைக் கிளறிப் பார்த்தேன். கடித உறை அடியில் பேப்பருக்குக் கீழே நான் வைத்தபடியே கிடந்தது. தப்பினேன் என்று அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

பனி உருகி, வீதி கழுவுகிற நாள் எழுதிய பலகைகள் திரும்பவும் உயிர்பெற்றபோது எனக்கு ஏலாமல் போய்விட்டது. முழங்கால் வீங்கிவிட்டது. ரொறன்ரோவில் இருக்கிற மகள், "அம்மா, அதை வித்துத் துலையுங்கோ," என்றாள். அந்த வகைக் காரின் சொந்தக்காரர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுகிற இணையப் பக்கம் ஒன்று இருக்கிறதாம், அங்கே விளம்பரம் போட்டுவிட்டு எனக்கும் அதை அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்துப் பார்த்தேன். சூடு நல்லது, பெற்றோல் குடிக்கும், உப்பு வீதியில் அடிப்பாகம் கரைந்துவிடும், பின் ஆசனத்தில் மூன்று பிள்ளைகள் தூங்கலாம். ஒருவர் எழுதியிருந்தார், மனைவி விட்டுப் போய்விட்டாள், கார் இன்னும் நிற்கிறது என்று. எல்லோரும் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நானும் ஏதாவது எழுதலாமா என்று பார்த்து, எத்தனை நட்சத்திரம் போடுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

அடுத்த கிழமையே லாசால் பகுதியில் இருந்து ஒரு கிழவர் வருவதாகச் சொன்னார். அவரிடமும் அதே கார் இருக்கிறது, கதவு, கண்ணாடி, ஆசனம் எல்லாம் தேவையாம். சனிக்கிழமை வருகிறேன் என்றார். இனி ஒளிக்க முடியாது. வெள்ளிக்கிழமை பின்னேரம், கணவர் யன்னலடியில் இருக்கும்போது, பெட்டியை இழுத்துக் கடிதத்தை எடுத்தேன்.

உறை கொஞ்சம் தடிப்பாக இருந்தது. திறந்து பார்த்தேன். கடிதத்தின் மடிப்புக்குள் அவருடைய லைசென்ஸ் அட்டை இருந்தது. அவருடைய படம் என்னைப் பார்த்தது. மார்கழியில் உறையைப் பார்த்தேனே தவிர, அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாக இந்த ஊரில் பிரெஞ்சுக் கடிதம் வாங்கிய மனுஷனுக்கு அதை எழுத்துக்கூட்டத் தெரியாமலா இருந்திருக்கும்? திருப்பி அனுப்பச் சொன்னதை எடுத்து, அனுப்புகிறவளுக்கு வசதியாக உள்ளே வைத்துவிட்டு, நான் வைத்த மாதிரியே திரும்ப வைத்திருக்கிறார். அதன் பிறகும் ஒவ்வொரு காலையும் பிரேக்கை அமத்தியிருக்கிறார்.

அட்டையோடு போய் அவர் முன்னால் நின்றேன்.

"குடில் கட்டேக்கையே தெரியுமோ?"

"ஓம்."

"பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் வாயைத் திறந்தார். கையை விரித்துக் காட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாளைக்குக் காருக்கு ஆள் வருகிறது என்று சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டினார். நான் குசினிக்குள் போய், அடுப்பு மூட்டாமல் நெடுநேரம் நின்றேன். ஆறு மாதம் பொய்யைச் சுமந்தது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை கிழவர் இழுவை வண்டியோடு வந்தார். நான் காரின் திறப்பைக் கொடுக்க இறங்க, பின்னால் கோல் சத்தம் கேட்டது. மூன்று மாடி. வெளிப்படி வேறு, பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கி வருகிறார். பத்து நிமிஷம் எடுத்தது. கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார். பிறகு பொனற்றைத் தடவி, இவர்கள் செய்ததில் இதுதான் நல்லது, இல்லையா என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. குதிரை வண்டியில் இருந்து தொடங்க வேண்டுமே, மனுஷனிடம் சொல் எங்கே இருக்கிறது?

கணவர் விரலை உயர்த்தினார். "ஷோஃபாஜ்," என்றார். சூடு. கிழவர் சிரித்துவிட்டு, வுய், வுய் என்று ஆமோதித்து என் கணவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு காருக்குள் தொங்கிய செபமாலையைக் கழற்றி என்னிடம் தந்தார். கார் இழுவை வண்டியின் முதுகில் ஏறி, பாரிசவாதம் வந்த பிறகு முதல்தடவையாக எங்கள் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போனது.

அடுத்த நாள் காலை நான் தலையணையை எடுத்துப் போடவில்லை. இனி எதற்கு? கார் இல்லை, அட்டையும் தபாலில் போகப்போகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப்போகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தேத்தண்ணி கொண்டுவந்தால், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கோலால் தலையணையைக் கொழுவி இழுத்து, வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறார்.

"எண்ணுமன்," என்றார்.

"இனி என்னத்துக்கப்பா? கார்தான் போட்டுதே."

சொல்லைத் தேடினார். நெற்றி சுருங்கியது. நான் எடுத்துக் கொடுக்காமல் காத்துக்கொண்டு நின்றேன்.

"எண்ணுற நேரம்... நீர்... ஏசுறேல்லை."

கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலத்திலேயே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால் அமத்திக்கொண்டு காத்திருந்தது. ஒண்டு என்றேன். அவர் இன்னும் அமத்தினார், ரெண்டு என்றேன். அன்றைக்கு இருபதோடு நிறுத்தவில்லை.