கத்தாரில் இல்லாத அண்ணன்

பாலாம்பிகையின் அண்ணன் கத்தாரில் இருப்பதாகத்தான் கண்டி டவுனில் அவள் வேலை பார்த்த புடவைக்கடையில் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். பகல் சாப்பாட்டின்போது அந்த ஊர் வெயிலையும் மணல்காற்றையும் பற்றி நேரில் பார்த்தவள் போலப் பேசுவாள். உண்மையில் கஜேந்திரன் இருந்தது திகனைக்குப் போகும் வழியில் ஒரு சிறையில். பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடித்துச் செல்லப்பட்டவனுக்கு மூன்று வருடமாகியும் வழக்கு ஒழுங்காகத் தொடங்கவில்லை.

இருவரும் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர்கள். அவன் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரானான். மாலையில் கோயிலடியில் ஆட்களைக் கூட்டிப் பேசுவான்.

"நமக்கு வர்ற தபாலெல்லாம் தோட்டத்து ஆபிசுக்குத்தான் போகுது. நம்ம வாசலுக்கு ஒரு நம்பர்கூட இல்ல. விலாசம் இல்லாதவன் தொரையோட விருந்தாளி. ஓட்டு இருந்தாலும் அவன் இந்த நாட்டு ஆள் ஆகமாட்டான். சம்பளம் கேக்க முன்னாடி விலாசம் கேப்போம்."

அதையே சின்னப் புத்தகமாக அச்சடித்தான். அது தோட்டம் தோட்டமாகப் போனது, வேலைநிறுத்தம் வந்தது, ஆள் உள்ளே போனான். ஒரு வீட்டு நம்பருக்காக யாராவது ஜெயிலுக்குப் போவார்களா என்று பாலாம்பிகைக்கு ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் கடைக்குத் துணி எடுக்க வந்த ஒரு பெண் அவளையே உற்றுப் பார்த்தாள். அழகம்மா, அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்.

"நீங்க நம்ம கஜேந்திரன் சாரோட தங்கச்சிதானே? சாரைப் பாத்தா சொல்லுங்க, நம்ம லயத்துக்கு நம்பர் போட்டாச்சு. கரண்ட் பில்லு எம்பேருக்கே வாசலுக்கு வருது."

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த சீதா நிமிர்ந்தாள்.

"ஆள் மாறிப் பாத்துட்டீங்க" என்றாள் பாலாம்பிகை. "எங்கண்ணன் கத்தார்ல."

அழகம்மா பார்சலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

முதலாளி முஹைதீன் சற்றுப் பொறுத்து அருகில் வந்தார். "தங்கச்சி, அந்த மனிசிக்கு இல்லண்டு செல்லியிருக்கத் தேவல்ல. ஒங்கட நானா கஜேந்திரன்ட விசயம் எங்க எல்லாருக்கும் தெரியும். அவரைப் புடிச்ச மாசமே பொலிஸ் வந்து விசாரிச்சிட்டுப் போன."

"அப்ப ஏன் முதலாளி ஒண்ணும் கேக்கல?"

"நீங்க வெக்கப்படுவீங்கண்டுதான்."

மணல்காற்றுக் கதையை அத்தனை பேரும் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார்கள். நடுவில் யாரும் சிரிக்கக்கூட இல்லை. அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த முறை சிறைக்குப் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கஜேந்திரனிடம் நம்பர் போட்ட செய்தியைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. "எந்த லயம்? மேல் லயமா?" என்று கேட்டவன், பிறகு, "அந்த அக்காவுக்கு நீ என்னா சொன்ன?" என்றான்.

சொன்னாள். அவன் தலை குனிந்தது.

"நான் உள்ள வந்த புதுசுல கூட இருந்த கைதிங்க என்னா கேஸுன்னு கேட்டாங்க. செக் மோசடின்னு சொல்லிட்டேன். நெசத்தச் சொன்னா அடிப்பாங்கன்னு பயம். பெரிசா புத்தகம் எழுதினவன்."

அவன் தலைகுனிந்து அவள் பார்த்ததேயில்லை. பயமே இல்லாத மனுஷன் என்றுதான் இத்தனை நாளும் அவனைத் திட்டியிருக்கிறாள். அவனுடைய வெட்கம் அவளுடையதை ஒரு துளியும் குறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டை பஸ் ஏறினாள். மேல் லயத்தில் வாசலுக்கு வாசல் நீல நம்பர் அடித்திருந்தது. அழகம்மா வெளியே வந்து பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை.

"நான் கஜேந்திரன் சாரோட தங்கச்சி."

"கடையில இல்லன்னீங்களே."

"பயந்துட்டேன் அக்கா."

பரவாயில்லை என்று அழகம்மா சொல்லவில்லை. உள்ளேயிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். "சார் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். பாலாம்பிகை உட்காராமலே அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.