ஜூலை மாதத்துச் சராசரி

ஒவ்வொரு மாதமும் முடிந்த கையோடு இந்த நாட்டு வானிலை நிலையம் ஓர் அறிக்கை விடும். பெப்ரவரியில் இவ்வளவு மழை, மே மாதத்தில் இவ்வளவு வெயில், சராசரியைவிட இது கூட, அது குறைவு. முன்பெல்லாம் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வானத்தைப் பற்றிக் கதைக்காவிட்டால் வெள்ளைக்காரனுக்குச் சாப்பாடு செமிக்காது என்று வேலையிடத்தில் பகிடி விடுவதும் நான்தான். இப்போது மாதம் தவறாமல் வாசிக்கிறேன். கோபம் கோபமாக வரும், ஆனாலும் வாசிக்கிறேன்.

வெப்பம் நாற்பது பாகையைத் தாண்டிய அந்த ஜூலையில் என் அண்ணை நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பார்க்கிங் என்ற இடத்தில் தனியாக இருந்தார். அண்ணி போய்ச் சேர்ந்து ஐந்து வருடம். ஒரே மகள் கனடாவில். கவுன்சில் வாடகைக்கு விடும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேல்மாடி, தட்டைக் கூரைக்கு நேர் கீழே அவருடைய வீடு. மத்தியானத்துக்குப் பிறகு முழு வெயிலும் முன்னறைக்குள்தான். பிரஷருக்கு ஒரு குளிசை, காலில் நீர் கோக்காமலிருக்க இன்னொரு குளிசை. நானோ நகரத்தின் மறுகோடியில் கிங்ஸ்பரியில், சூரியன் எட்டியும் பார்க்காத பின்னறை உள்ள கீழ்வீட்டில் இருந்தேன்.

திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கும் சிவப்பு எச்சரிக்கை என்றார்கள். மரக்கறிக் கடையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கதை: “நாங்கள் காணாத வெயிலோ?” அதிலும் என் குரல்தான் பெரிது.

திங்கள் மத்தியானம் அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, சரியா அவியுதடா.”

எங்கள் பேச்சில் அவியுது என்ற சொல்லுக்குப் பெரிய மதிப்பில்லை. பஸ்ஸுக்குள் அவியுது, கல்யாண மண்டபத்தில் அவியுது, பட்டுச்சீலை கட்டினால் அவியுது. கேட்கிறவர் “ஓம், சரியான வெக்கை” என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

“சித்திரை வெயிலுக்கை வெறுங்காலோட பந்து அடிச்ச ஆள் நீங்கள். இதுக்குப் போய் அவியுதெண்டுறியள்! வெள்ளைக்காரனோட இருந்து பழுதாப் போனியள் அண்ணை.”

அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, “உன்ரை பின்னறை குளிராத்தானே இருக்கும்? ரெண்டு நாளைக்கு வந்து நிக்கட்டோ? ரயில் ஒழுங்கா ஓடேல்லையாம். காரிலை வந்து ஏத்துவியோ?” என்றார்.

அண்ணை ஒருவரிடமும் ஒன்றும் கேட்கிற ஆள் இல்லை. அதையாவது நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு ஒரு களஞ்சியத்தின் குளிரறையில் வேலை. விடியற்காலை ஷிப்ட் முழுக்கத் தடித்த மேலங்கியோடு நின்று விறைத்துப்போய் வந்திருந்தேன். அந்த வெயில் எனக்கு, பாவிக்கு, சுகமாகக்கூட இருந்தது.

“நாளைக்குப் பின்னேரம் வாறன். யன்னல் எல்லாத்தையும் விரியத் திறந்துவிட்டிட்டுப் படுங்கோ. காத்து வரும்.”

“ஓம், சரி,” என்றார்.

ஊரில் வெக்கை என்றால் யன்னலைத் திறப்போம். இங்கே அந்த இரண்டு நாளும் வெளிக்காற்று நெருப்பாக இருந்தது. பகலில் யன்னலைச் சாத்துங்கள், திரையை இழுத்துவிடுங்கள் என்று தொலைக்காட்சியில் தொண்டை கிழியச் சொன்னார்கள். நான் கேட்டால்தானே!

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் போன் எடுத்தேன், பதில் இல்லை. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். நானும் வீட்டுக்கு வந்து பின்னறையில் இரண்டு மணித்தியாலம் படுத்தேன். அந்த இரண்டு மணித்தியாலத்தை என்னால் மன்னிக்க ஏலாது. பிறகுதான் காரை எடுத்தேன். நாட்டின் வெப்பச் சாதனை முறியடிக்கப்பட்டுவிட்டது என்று வானொலியில் ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார்.

மணி அடித்தேன், திறக்கவில்லை. என்னிடமிருந்த மற்றத் திறப்பைப் போட்டு உள்ளே போனேன். யன்னல்கள் எல்லாம் நான் சொன்னபடியே விரியத் திறந்து கிடந்தன. அண்ணை ஒரு யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். வெளியே போகிற சேர்ட், சப்பாத்து. காலடியில் ஒரு சின்னப் பை. அதற்குள் வீட்டில் உடுக்க இரண்டு சாரம், துடைக்க ஒரு துவாய், குளிசைப் பெட்டி. கையைத் தொட்டேன். ஐயோ, அந்தச் சூடு! காய்ச்சல்தான், உயிர் இருக்கிறது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அம்புலன்ஸில் வந்த பெண்தான் என் கையை மெல்ல விலக்கினாள்.

இறப்புச் சான்றிதழில் இருதய நோய் என்று இருந்தது. வெயில் என்ற சொல்லே அதில் இல்லை. மாத முடிவில் வானிலை அறிக்கையும் வந்தது. ஜூலை மாதம் சராசரியைவிடக் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். முப்பத்தொரு நாளையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டு நாள் எந்த மூலைக்கு? மேசையில் ஓங்கிக் குத்தினேன், கைதான் நொந்தது.

செத்தவீட்டுக்குக் கனடாவிலிருந்து மகள் வந்தாள். எல்லாம் முடிந்த பிறகு அப்பாவின் வீட்டை ஒதுக்கும்போது அந்தப் பையைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சித்தப்பா, அப்பா எங்கையோ போக வெளிக்கிட்டிருக்கிறார். உங்களிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “சொல்லியிருந்தா நான் உடனை வந்திருப்பனே.”