தேவநாதன் கட்டைவெரல்ல கட்டுன தூண்டில் நரம்பு

கடலூர் பஸ் ஸ்டாண்டுல தேவநாதன் மாதிரி ஏர் ஹாரன் அடிக்க ஆளே கெடையாது. ஆலப்பாக்கம் வளைவுக்கு ஒரு ராகம், புதுச்சத்திரம் கடைத்தெருவுக்கு ஒரு ராகம், புவனகிரி பாலத்துக்கு ஒரு ராகம். சிதம்பரம் போற பிரைவேட் பஸ்ஸுல பத்தொம்பது வருசம் இப்படி வாசிச்சதுல ரோட்டோரத்துக்காரங்களுக்கெல்லாம் காது கிழிஞ்சுது. வாசிச்சவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே கிழிஞ்சுபோச்சு.

அவரு அத வெளிய மூச்சு வுடல. தெரிஞ்சா மொதலாளி சுப்பராயலு ஸ்டியரிங்க புடுங்கிக்கினு பஸ் கழுவ வுட்டுடுவாருன்னு பயம். வூட்டுல பொஞ்சாதி ராசம்மாள் எது சொன்னாலும் "சரி"ம்பாரு. அந்த "சரி"யிலயே மாமியா வூட்டுல ரெண்டு தீபாவளி கொண்டாடிட்டு வந்தாச்சு.

விசயம் தெரிஞ்ச ஒரே ஆளு அதே பஸ்ஸு கண்டக்டர் அய்யனாரு, ராசம்மாளுக்குத் தம்பி. அவனுக்கும் எப்பத் தெரிஞ்சுதுன்னா, 2008 ஆடி மாசம், காய் விக்கிற கொளஞ்சியம்மாள் ரெண்டு கூடை கத்திரிக்காயோட புதுச்சத்திரத்துல எறங்கணும். அய்யனாரு விசில ஊதறான், ஊதறான், கண்ணு வெளிய வர்ற மாதிரி ஊதறான். வண்டி பி.முட்லூர்ல போயி நின்னுச்சு.

"யோவ் டிரைவரு! காதுல இன்னா, கத்திரிக்காயா சொருகி வச்சிருக்க?" அந்தம்மா போட்ட சத்தத்துல பஸ்ஸே சிரிச்சுது. தேவநாதனும் சிரிச்சாரு, எதுக்குன்னு தெரியாம.

மறுநாளே அய்யனாரு தேவனாம்பட்டினத்துலேந்து ஒரு கண்டு தூண்டில் நரம்பு வாங்கியாந்தான். பின் படியிலேந்து சாமான் வைக்கிற கம்பி வழியா இழுத்து மாமன் எடது கையில கட்டுனான். ஒரு இழுப்பு நிறுத்து, ரெண்டு இழுப்பு எடு. விசில் சும்மா ஊருக்கு. நாலு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு நாளு ஒரு புண்ணியவான் ஈரத் துண்ட அதுமேல காயப்போட்டான். தேவநாதன் நடு ரோட்டுல சடன் பிரேக் அடிச்சாரு. பின்னாடி வந்த லாரிக்காரன் ஒரு மொழம் தள்ளி நின்னதுனால கதை இதோட முடியல. அன்னிக்கி ராத்திரி சோறு எறங்கல அவருக்கு.

அந்த நேரம் பாத்தா சிதம்பரத்துல காலேஜ் ஆஸ்பத்திரிலேந்து கடுதாசி வருது. பஸ் டிரைவருங்க காத வச்சி ஆராய்ச்சி பண்றாங்களாம், எல்லா டிரைவரும் வந்து டெஸ்ட் குடுக்கணுமாம். சுப்பராயலு எல்லாரையும் போகச் சொல்லிட்டாரு.

"மச்சான், என் பொழப்பு முடிஞ்சுதுடா."

"நரம்பு இருக்குல்ல மாமா?" அய்யனாரு கண்ணடிச்சான்.

டாக்டரம்மா பேரு இசைவாணி, மேல்படிப்பு படிக்கிற பொண்ணு. கண்ணாடி போட்ட சின்ன ரூமுக்குள்ள தேவநாதன சொவத்தப் பாத்து ஒக்கார வச்சி, காதுல ஹெட்போன மாட்டி, "சத்தம் கேட்டா இந்த பட்டன அமுக்குங்க"ன்னு சொல்லிட்டு வெளிய மிஷின்கிட்ட ஒக்காந்துது. அதுக்குள்ள அய்யனாரு கண்டுல மிச்சமிருந்த நரம்ப கதவிடுக்கு வழியா வுட்டு, மாமன் கால் கட்டைவெரல்ல முடிச்சுப் போட்டு வச்சிருந்தான். அந்தப் பொண்ணு பின்னாடி நின்னுக்கினு, அது விரலு மிஷின அமுக்குனா இவன் நரம்ப இழுப்பான். அங்க பட்டன் அமுங்கும்.

டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கல. சத்தத்தக் கொறைக்குது, கொறைக்குது, மனுசக் காதுக்கே எட்டாத அளவுக்குக் கொறைக்குது. தேவநாதன் அமுக்கிக்கினே இருக்காரு. கடைசில மிஷின்லேந்து ஹெட்போன் ஒயரையே உருவிட்டு சும்மா அமுக்கிப் பாத்துது. அதுக்கும் அமுக்குனாரு!

மெதுவா திரும்பிச்சு. "அவரு காது உள்ள இல்லண்ணா, உங்க கைல இருக்கு."

அய்யனாரு நரம்ப வாயில போட்டு முழுங்காத கொறைதான். தேவநாதன் வெளிய வந்து கையெடுத்துக் கும்புட்டாரு. "மொதலாளிக்கிச் சொல்லிடாதம்மா. ஸ்டியரிங் போச்சுன்னா எனக்கு வேற எதுவும் தெரியாது."

"எங்க ஆராய்ச்சில பேரே எழுதறதில்ல, நீங்க பதினேழாம் நம்பர். ஆனா இந்தக் கணக்க அப்படியே எழுதுனா, ஏர் ஹாரன் காதுக்கு நல்லதுன்னுல்ல முடிவு வரும்? அப்பறம் எல்லா டிரைவரும் ரெண்டு ஹாரனா மாட்டுவாங்க."

தேவநாதனுக்கு அது சுருக்குன்னு தச்சுது. நரம்ப அவுத்து எறிஞ்சிட்டு மறுபடி உள்ள போயி உண்மையா ஒக்காந்தாரு.

பாத்தா கட்ட சத்தமெல்லாம் நல்லா கேக்குது. கீச்சு சத்தந்தான் இல்ல. பொண்ணு வெளக்குனுச்சு: "உள்காது நத்தக்கூடு மாதிரிண்ணா. உள்ள பொடிப்பொடி மயிரு. கீச்சு சத்தத்த வாங்குற மயிரு வாசல்லயே இருக்கும். உங்க பஸ்ஸுல படியில நிக்கிறவன்தான மொதல்ல மிதிபடுவான்? அதே கதை. விசிலு அந்தப் படி ஆளு. போனது திரும்ப மொளைக்காது. காதுக்குள்ள சின்ன மிஷின் மாட்டலாம். ஆனா அது வரைக்கும் வண்டிய தொடக்கூடாது. லீவ நீங்களே மொதலாளிகிட்ட கேளுங்க."

மறுநாளு ஷெட்டுல சுப்பராயலு முன்னாடி நின்னாரு. "மொதலாளி, எனக்குக் காது சரியில்ல."

"இன்னா?"

"காது சரியில்ல மொதலாளி!"

"சத்தமா சொல்லேன்யா!"

"காது கேக்கலைங்க!" ஷெட்டே திரும்பிப் பாத்துது.

சுப்பராயலு மொகத்துல ஒரு கள்ளச் சிரிப்பு. அவரும் பழைய டிரைவருதான். காதாண்ட கைய குவிச்சிக்கினு கிட்ட வந்தாரு. "டெஸ்டுக்கு மொத ஆளா போனவன் யாருன்ற? நான் ஒண்ணாம் நம்பர்யா, எனக்கும் ஒன் காதுதான். மாட்டிக்கினு வா, அந்தப் பொண்ணு சரின்னு எழுதிக் குடுத்தா ஏறு. அந்த ஹாரன கழட்டிடு, நாசமாப் போக."

நாப்பது நாளு ஆச்சு. மிஷினோட திரும்ப டெஸ்ட் குடுத்து, நரம்பில்லாம பாஸ் பண்ணி, தேவநாதன் வண்டி ஏறுனாரு. வூட்டுலதான் கொஞ்சம் செரமம். ராசம்மாள் சமையக்கட்டுல இத்தினி வருசமா என்னா மொனகிக்கினு இருந்துதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. அதுக்கும் "சரி"ன்னுட்டாரு.

மொத நாளே கொளஞ்சியம்மாள் கூடையோட ஏறுது. "இந்த வண்டியா, கருமம்"னு மொனகிக்கினே ஏறுது.

"ஏறு பெரியம்மா, இன்னிக்கி ஒன் ஊர்லயே எறக்கி வுடறேன்."

புதுச்சத்திரம் வந்துது. கோழிக்குஞ்சு கத்துற மாதிரி பின்னாடி ஒரு சின்ன கீச்சு. தேவநாதன் பிரேக்குல கால வச்சாரு. வண்டி ஸ்டாப்பிங்ல அச்சு வச்ச மாதிரி நின்னுச்சு.

அந்தம்மா எறங்கி, சன்னலாண்ட வந்து அவர ஒரு மாதிரியாப் பாத்துது. "காதுல இருந்த கத்திரிக்காய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் பெரியம்மா. மொச்சக்கொட்ட ஒண்ணு வச்சி வுட்டிருக்காங்க."

பின் படியிலேந்து ரெண்டு விசில். ரெண்டையும் அவரே கேட்டு வண்டிய எடுத்தாரு. மேல, அவுக்காம வுட்ட பழைய நரம்புல யாரு துண்டோ நிம்மதியா காஞ்சிக்கினு வந்துது.