கரம்பை மண்ணில் கிடைத்த கூஜா

"பேயாண்டி, வயது முப்பத்தைந்து. இரவில் கன்னமிடுவதில் கைதேர்ந்தவன். எதற்கும் அஞ்சாதவன்."

1934-ல் போலீஸ் பதிவேட்டில் இப்படித்தான் எழுதியிருந்தது. அந்த அஞ்சாதவன், பொழுது சாய்ந்தபின் வைக்கோல் படப்பு வரை போவதற்கே பெண்டாட்டி மாயக்காளைத் துணைக்குக் கூப்பிடுவான். எழுதியவரைச் சொல்லியும் குற்றமில்லை. குற்றப் பரம்பரை என்று சர்க்கார் முத்திரை குத்திய அவன் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் ஒரே வாசகத்தை எழுதிப் பழகிய கை.

அந்தக் கோடையில், விளாங்குடிக்கு மேற்கே வற்றிக் கிடந்த கண்மாயில், வயலுக்கு எருவாகப் போடக் கரம்பை மண் வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி எதிலோ மோதி 'ணங்' என்றது. குறுகிய கழுத்தும் வளைந்த கைப்பிடியுமாகக் கறுத்துப்போன ஒரு கூஜா. விரலால் தேய்த்தான். வெள்ளி தெரிந்தது, கொடியும், கொடிமேல் ஒரு கிளியும் தெரிந்தன. அப்படியே மண்மேல் உட்கார்ந்துவிட்டான்.

பதிவேட்டில் பேர் உள்ளவன் கையில் வெள்ளி இருந்தால் அது திருட்டு வெள்ளிதான். திரும்பப் புதைக்கலாம், நாளைக்கு வேறு எவனாவது தோண்டினால் திருடிப் புதைத்தவன் பேயாண்டி. கொண்டுபோய்க் கொடுக்கலாம், எங்கே திருடினாய் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் ஜெயில். கொடுத்துவிட்டுப் போனால் அடி கொஞ்சம் குறையலாம் என்று கணக்குப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

மாயக்காள் கூஜாவை வாங்கிப் பார்த்தாள்.

"சர்க்காருக்குக் குடுக்குறத இம்புட்டு அழுக்கோடயா குடுப்பீக?"

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். கிளி மூக்கு வரைக்கும் பளபளத்தது. உள்ளே விரல் விடப் போனவளைப் பேயாண்டி பதறித் தடுத்தான்.

"வேணாம்டி. புதையலக் காக்குற பூதம் உள்ள இருந்தா என்ன செய்வ?"

மறுநாள் கூஜாவைத் துண்டில் சுற்றி, நாலு மைல் நடந்தான். எதிரே வந்த ஒவ்வொரு தலைப்பாகையும் போலீஸ்காரன் தலைப்பாகையாகவே தெரிந்தது. தாலுகா கச்சேரியில் தாசில்தார் முன்னால் துண்டை அவிழ்த்தபோது அறையே வெளிச்சமானது. அதுதான் வினையாகிவிட்டது.

கண்மாயில் கிடைத்தது என்று சொல்லிப் பார்த்தான். தாசில்தார் சிரித்தார்.

"மண்ணுல கெடந்த வெள்ளி இப்படி மின்னுமாடா? எவன் வீட்டுப் பூசையறை இது?"

டவாலிச் சேவகன் தவசியைக் கூப்பிட்டு, ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் கூட்டிவரச் சொன்னார். தவசி செருப்பை மாட்டினான். ஆதாரம் என்று இருந்ததெல்லாம் மாயக்காளின் புளியோடு போய்விட்டது என்பது பேயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. கூஜாவைத் திரும்பத் துண்டில் சுற்றப் போனான். தூக்கிய கூஜாவுக்குள் ஏதோ லொடலொடவென்று ஆடியது.

தாசில்தார் அதை வாங்கி மேசைமேல் கவிழ்த்துத் தட்டினார். காய்ந்த கரம்பை மண் கட்டி கட்டியாக விழுந்தது. மண்ணுக்குள் கோரைவேரும் ஒரு நத்தைக் கூடும் இருந்தன. ஒரு கட்டியை விரலால் நசுக்கிப் பார்த்தார், கண்மாய்க் கரம்பைதான்.

"வெளிய இம்புட்டுத் தேச்சவன் உள்ள ஏன் கழுவல?"

"பயமா இருந்துச்சு சாமி."

தவசியைச் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

கூஜா இப்போது மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. 'கண்மாயில் கிடைத்தது' என்று சீட்டில் எழுதியிருக்கிறது. யாருக்குக் கிடைத்தது என்று இல்லை. போலீஸ் பதிவேட்டிலும் ஓர் எழுத்து மாறவில்லை.

எங்கும் எழுதப்படாதது இதுதான்: பேயாண்டி மண்ணில் ஒரு வெள்ளிக் கூஜாவைக் கண்டெடுத்தான். மறுநாள் அதைக் கொண்டுபோய்ச் சர்க்காரிடம் கொடுத்தான்.