உளுந்துச் செடி மறித்த சாலை

மார்கழிக் கடைசியில் ஒரு மாலை, சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் சாலையில் மூன்று பெண்கள் கிளம்பினோம். இருவர் கியர் சைக்கிளில். நான், சாய்ந்து படுத்துக் கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில். என் முதுகுவலிக்காக நானும் கல்லூரித் தோழியும் சேர்ந்து வரைந்து, அவள் அப்பாவின் வெல்டிங் பட்டறையில் கட்டிய வண்டி அது. மூன்றாமவள் வங்கிக்கு மாற்றலாகி வந்த கோயம்புத்தூர்க்காரி. வந்த கொஞ்ச நாளிலேயே தோழியோடு காலையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

பொங்கல் முடிந்ததும் கன்னியாகுமரி வரை ஓட்டிப் போவது நானும் தோழியும் படிக்கும்போதே பேசி வைத்தது. இப்போது அதில் கோயம்புத்தூர்க்காரியும் இருந்தாள். "வெளிச்சம் இருக்கும்போதே எங்க கூட குருவிகுளம் வந்து சேந்துட்டேன்னா நீயும் வா. இல்லன்னா யோசிப்போம்" என்று தோழி சொல்லியிருந்தாள். என் திட்டத்தில் சேர நான் பரீட்சை எழுத வேண்டியிருந்தது.

பட்டியல் போட்டுச் சரிபார்த்தேன்: டயர் காற்று, செயின் எண்ணெய், பிரேக், பின்விளக்கு, கம்பில் கட்டிய ஆரஞ்சுக் கொடி. எதிரே வீசும் வாடைக்காற்றுகூட எனக்குச் சாதகம். படுத்திருப்பவள்மேல் அது குறைவாகத்தான் மோதும். அதன்படியே ஊரைத் தாண்டியதும் நான்தான் முன்னால் போனேன். விசைத்தறிச் சத்தம் ஓயும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஏற்றம். இருவரும் என்னைப் பிடித்துவிட்டார்கள். என் கண்ணுக்கு நேரே அவர்களின் பெடல்கள். பேச்சு என் தலைக்கு மேலே போனது. கோயம்புத்தூர்க்காரி ஏதோ சொல்ல, தோழி ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்து சிரித்தாள்.

"என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, அவங்க மேனேஜர் கதை. ஒனக்கு வெளங்காது."

கொடி நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

குருவிகுளம் வருமுன்னே சாலை முழுக்க உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறினால் காய்ந்த நெற்று உடைந்து உளுந்து உதிரும். அறுவடைக் காலத்தில் இங்கே தார்ச்சாலைதான் களம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவில்லை. சைக்கிளில் வந்த இருவரும் ஓரத்தில் விட்டிருந்த ஒற்றையடி இடத்தில் ஒருவர் பின் ஒருவராக நழுவிப் போனார்கள். எனக்கு அகலம் போதவில்லை. செடிமேல் ஏற்றினேன். உளுந்தங்கொடிகள் இருக்கைக்கு அடியில் ஓடும் செயினில் சுற்றிக்கொள்ள, வண்டி நின்றது.

செடியை வாரிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா நிமிர்ந்தாள். "ஏ மக்கா, இதென்ன பாடையில வாரமாதிரி படுத்துக்கிட்டு வாரே? லாரி ஏறுனா நெத்து உடையும். நீ ஏறி ஒண்ணாவது உடைஞ்சுதாட்டி? எந்திரி, பனி எறங்குமுன்ன நாங்க வாரணும்."

தோழி திரும்பி வந்தாள். மண்டியிட்டு, பார்க்காமலே கையை உள்ளே விட்டாள். செயின் ஓடும் எந்த உருளையில் சிக்கியிருக்கும் என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்குள் மற்றவள் வந்து போன் வெளிச்சம் காட்டினாள். "இந்தச் செயின் எப்படிப் போகுது?" என்று கேட்டாள். தோழி உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தாள்: ஏன் இத்தனை உருளை, எந்தக் குழாயை எங்கே வளைத்தோம், முதல் வெல்டிங் எப்படி விட்டுப்போனது என்று எல்லாவற்றையும். நான் செடியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

செயின் விடுபட்டபோது இருட்டிவிட்டது. யாரும் குருவிகுளம் பேச்சை எடுக்கவில்லை.

"கன்னியாகுமரிக்கு நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றேன். வேண்டாம் என்று தோழி சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.

"நெசமாத்தான் சொல்லுதியா?" என்றாள். குரலில் நிம்மதி தெரிந்தது.

"நீங்க ரயில்ல வந்துடுங்களேன், அங்க சேர்ந்துக்கலாம்" என்றாள் கோயம்புத்தூர்க்காரி. நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

தாழ்வான என் வண்டி இருட்டில் லாரிக்காரர்கள் கண்ணில் படாது என்று திரும்பும்போது என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்கள். பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்காத தூரம் போக வேண்டும் என்று முழு மூச்சில் மிதித்தேன். அவர்கள் பேச்சை நிறுத்தாமலே அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தார்கள்.