குறைந்த கதிரில் எடுத்த படம்

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பிறந்த சில மாதங்களிலேயே தலைக்குள் நீர் சேர்ந்ததால், அதை வயிற்றுக்கு வடிக்க ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். அது அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அவள் வாந்தி எடுத்தாலே தூக்கிக்கொண்டு ஓடுவோம். உடனே சி.டி. ஸ்கேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த சமயம் அது. அதற்குள் எத்தனை ஸ்கேன் என்று எண்ணுவதையே விட்டிருந்தேன்.

அன்று காலை இட்லியை வாயில் வைத்ததும் கக்கினாள். "தல வலிக்குதும்மா" என்றாள். திருநகர் வீட்டிலிருந்து நானும் கணவரும் ஆட்டோ பிடித்து ஸ்கேன் சென்டருக்குப் போவதற்குள் என் மடியில் கண் சொருகிக் கிடந்தாள்.

அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா. பழைய பிலிம்களைப் பார்த்துவிட்டு, "சின்ன உடம்புல இம்புட்டு எக்ஸ்ரே கதிர் போயிருக்கே. பின்னாடி கெடுதல் வரலாம். இன்னைக்குக் குறைச்சு எடுக்கிறேன்" என்றார். தலையாட்டினோம். கதிரைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் இறுகியது. படம் முழுக்க ரவையைத் தூவினாற்போல் புள்ளிகள். மூளையில் நீர் தங்கும் அறைகளின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மூளை அறுவை செய்யும் டாக்டர் போனில் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்: குழாயில் அடைப்பா, இல்லையா?

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "குறைச்சு எடுங்கன்னு நாங்களா கேட்டோம்? இன்னொருக்கா நல்லா எடுங்கம்மா! பிள்ள கெடக்குற கெடயப் பாருங்க."

"எடுத்துரலாம் சார். அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் குடுங்க. மெஷின் பதிஞ்சுக்கிட்ட விவரம் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. பிள்ளைய மறுபடி படுக்க வைக்காம, அத வச்சே படத்த வேற மாதிரி உண்டாக்கிப் பாக்குறேன். அப்பவும் தெரியலன்னா நானே திரும்ப எடுக்கிறேன்."

தலையை அடுக்கடுக்காக எடுத்த மெல்லிய வெட்டுப் படங்களைச் சேர்த்துத் தடிமனாக்கினால் புள்ளி அடங்கும் என்று கணினி முன் இருந்தவரிடம் சொன்னார். ஒவ்வொரு படமாக, மெதுவாக வந்தது. நான் மகளின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பப் பார்த்தேன். முதலில் சிணுங்கினாள். பிறகு சிணுங்கவும் இல்லை.

"என்னங்க, முழிக்க மாட்டேங்குறா!"

அந்நேரம் டாக்டரம்மா பழைய பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். திரையில் புள்ளிகள் தணிந்து ஓரங்கள் துலங்கியிருந்தன. நீர் அறைகள் முன்பைவிடப் பெருத்திருந்தது எனக்கே தெரிந்தது. அவர் உடனே முடிவு சொல்லவில்லை. படத்தை வழுவழுப்பாக்கியதால் இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தெரிகிறதோ என்று, புள்ளி விழுந்த முதல் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். அப்புறம்தான் போனை எடுத்தார்.

"அடைப்புதான் சார். இப்பவே அனுப்புறேன்."

அன்று மதியமே குழாயை மாற்றினார்கள். மறுநாள் கண் விழித்தவள் தலையைத் தடவிப் பார்த்து, முடி எங்கே என்று வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டு நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஸ்கேனுக்குப் போனபோது கணவர் வாசலிலேயே தயங்கி நின்றார். டாக்டரம்மாதான் பேச்சை எடுத்தார்: "அன்னைக்கு ரொம்பக் குறைச்சுட்டேன் சார். இந்தத் தடவை கொஞ்சம் கூட்டிக்கிறேன். ஆனா பழைய அளவுக்குப் போக மாட்டேன்."

"ஒங்களுக்கு எது சரின்னு படுதோ, செய்ங்கம்மா" என்று சொல்லி, மகளை அவர் கையில் கொடுத்தார்.