துண்டுக்குள் வந்த கை

நான் வியாபாரி. "இந்த விலைக்குக் கொடுத்தால் எனக்கு நஷ்டம்" என்று தினமும் பத்துப் பேரிடமாவது சொல்கிறவன். அதனால் சத்தியம் செய்து உங்களை நம்பவைக்கப் போவதில்லை. இதைச் சொல்வதில் எனக்குக் காலணா லாபம் இல்லை, அவ்வளவுதான். லாபமில்லாமல் முஃபீத் வாயைத் திறந்தால் அது நடந்ததாகத்தான் இருக்கும் என்று என் மனைவி மிஸ்ரியாவே சொல்வாள்.

இன்னொன்று. பேய்க்கு நடுச்சாமம்தான் நேரம் என்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு. பட்டப்பகல்.

தென்காசியில் எனக்குப் பழைய வீடு பிரிக்கிற தொழில். இடிக்கப்போகிற வீட்டின் கதவு, நிலை, தூண், உத்தரம் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசி எடுத்து விற்பேன். மரம் பார்த்துச் சொல்ல ஜெபஸ்டின் ஆசாரி கூட வருவார். பேசுவது நான். இந்தத் தொழிலுக்கு நான் போட்ட முதல் என் வாய் ஒன்றுதான். அது போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

போன சாரல் சீசனில் குற்றாலத்தில், ஐந்தருவி போகிற வழியில் ஒரு பங்களா விலைக்கு வந்தது. சொந்தக்காரர் உமாதேவி அக்கா. திருநெல்வேலியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அவருடைய தாத்தா தில்லைநாயகம் கட்டியது.

தில்லைநாயகத்தை இன்று யாருக்கும் தெரியாது. ஊமைப்படக் காலத்தில் மெட்ராசில் பெரிய நட்சத்திரம். நாடகக் கம்பெனியில் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கப் போனவர், படத்தில் அவரே ராஜாவானார். ஓடுகிற குதிரையிலிருந்து பாய்வார். புருவத்தாலேயே மிரட்டுவார். அவர் முகம் திரையில் தெரிந்தாலே கொட்டகையில் சில்லறை பறக்குமாம். அவரிடம் ஒரே ஒரு குறை. திக்குவாய். ஊமைப்படத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு பேசும் படம் வந்தது. அதிலும் அவரைத்தான் ராஜாவாகப் போட்டார்கள். வேஷம் கட்டி மைக் முன்னால் போய் நின்றார். முதல் வார்த்தையிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. செட்டு மொத்தமும் சிரித்தது. அன்றைக்கே ரயில் ஏறியவர், அதன்பின் சாகிறவரை நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் கத்தரிக்காய் வாங்குவதுகூடக் கைஜாடைதான்.

இவ்வளவையும் வாசலில் குடை பிடித்தபடி சொல்லிவிட்டு, அக்கா சாவியை நீட்டினார்.

"நீங்க உள்ள வரலையாக்கா?"

"நீங்க பாருங்க பாய். நான் காருல இருக்கேன்."

வீடு விற்கிறவர்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, இது பர்மாத் தேக்கு, அது சீமை இரும்பு என்று விலையை ஏற்றுவார்கள். உள்ளே வராத ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அது லாபமாகத்தான் பட்டது.

ஹாலை ஜெபஸ்டின் பார்த்தார். நான் வராந்தாக் கடைசியில் இருந்த அறைக்குப் போனேன். தில்லைநாயகம் வேஷம் கட்டிப் பார்க்கிற அறையாம். கதவு ஒற்றைப் பலகைத் தேக்கு. "நல்ல கதவு, இரும்பு மாதிரி இருக்கு" என்று நானே மெச்சிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே ஆளுயரக் கண்ணாடி. தரையெங்கும் விரற்கடைப் புழுதி. கண்ணாடிக்கு எதிரே மட்டும் சிமெண்டு தேய்ந்து, இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குக் குழிந்திருந்தது.

அந்தக் குழியில் புழுதி இல்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சாத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை.

காது அடைத்துவிட்டது போலிருக்கிறது என்று விரலை விட்டு ஆட்டினேன். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் எங்கே நின்றாலும் அருவி இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் இல்லை. ஓட்டு இடுக்கில் மழைத்தண்ணீர் சொட்டியது. விழுந்தது. தெறித்தது. சத்தம் இல்லை...

கதவை இழுத்தேன். அசையவில்லை. உதைத்தேன். கால் வலித்தது. உதைத்த சத்தம் இல்லை. நல்ல கதவுதான்.

"ஜெபஸ்டின்" என்று கூப்பிட்டேன்.

மூச்சு வந்தது. உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

வராந்தாப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜெபஸ்டின் நின்றார். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சாத்திய கதவையே பார்த்தார். என்னவோ சொன்னார். சிரித்தார். போனை எடுத்துக் கதவை நோக்கிப் பிடித்துக்கொண்டார்.

கம்பி வழியாகக் கையை நீட்டினேன். வெளியே போகவில்லை. கம்பிகளுக்கு நடுவே வெறும் காற்று. அதில் என் கை முட்டி நின்றது.

திரும்பினேன். கண்ணாடியில் என் உருவம் வாய் திறந்து கத்திக்கொண்டிருந்தது. நான் வாயை மூடினேன்.

கண்ணாடியில் வாய் மூடவில்லை.

அது பேசிக்கொண்டே இருந்தது. மார்பை நிமிர்த்தி, கையை வீசி... என் முகம்தான். அந்தப் புருவம் என்னுடையது இல்லை.

அப்போது தோளில் கிடந்த துண்டு சரிந்தது. கீழே விழவில்லை. என் வலது கையை மூடிக்கொண்டு நின்றது.

துண்டுக்குள் இன்னொரு கை.

என் வாப்பா சேக் தாவூது மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் பிடித்தால் ஐந்து. நூறா, ஆயிரமா என்பதை மட்டும் முதலிலேயே வாயால் சொல்லிவிடுவார்கள்.

குளிர்ந்த கை. எண்ணெய்ப் பிசுக்கு. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது.

ஐந்து.

எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் இல்லை. பயம் ஒரு பக்கம், ஆனாலும் தரகர் இரத்தம் போகுமா? சொன்ன விலைக்கு எங்கள் வம்சத்தில் யாரும் தலையாட்டியதில்லை. என் கை தானாகத் திரும்பி அதன் ஒரு விரலைப் பிடித்தது.

ஒன்று.

அது நான்கைப் பிடித்தது. நான் ஒன்றிலேயே நின்றேன்.

அது மூன்றைப் பிடித்தது. இறுக்கியது. எலும்பு நொறுங்குகிற வலி.

நான் இரண்டைப் பிடித்தேன்.

அசையாமல் இருந்தது.

பிறகு... என் உள்ளங்கையை ஒரு முறை அழுத்தியது. சந்தையில் அதற்கு அர்த்தம், முடிந்தது.

துண்டு கீழே விழுந்தது. காதில் அருவி வந்து மோதியது. கதவு திறந்து கிடந்தது.

வெளியே வந்து விழுந்தவனை ஜெபஸ்டின் தூக்கி உட்காரவைத்தார்.

"என்ன பாய், உள்ள தனியா நாடகமா போடுதீரு?"

"ஜன்னல்ல... நின்னேனே. பாக்கலையா வே?" குரல் வந்துவிட்டது. கரகரப்பாக வந்தது.

"எந்த ஜன்னல்? அது பலகை வச்சுல்லா அடிச்சிருக்கு."

பார்த்தேன். பலகை அடித்து ஆணி துருப்பிடித்திருந்தது.

உமா அக்கா காரிலிருந்து இறங்கி வந்தார். ஜெபஸ்டின் சிரித்தபடி போனில் பதிவு செய்ததை அவரிடம் போட்டுக் காட்டினார். "யாரங்கேன்னு ஒரு அதட்டல். நாந்தான் பாய்னு சொல்லுதேன், காதுலயே வாங்கலை."

போனில் என் குரல். நான் பேசாத பேச்சு.

"யாரங்கே. சபையில் ஏன் இந்த மௌனம்? அரசன் பேசுகிறேன், கேளுங்கள்..."

ஒரு இடத்திலும் திக்கவில்லை.

அக்காவைப் பார்த்தேன். அவருடைய உதடும் அசைந்தது. போனில் வருகிற ஒவ்வொரு வார்த்தைக்கும், கொஞ்சமும் பிந்தாமல், கொஞ்சமும் முந்தாமல், சத்தமில்லாமல்.

"உங்களுக்கு இந்த வசனம் தெரியுமாக்கா?"

"வசனம் இப்பதான் கேக்கேன். உதடுதான் தெரியும்." அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "தாத்தா தினம் சாயங்காலம் கண்ணாடி முன்னால நிப்பாரு. சத்தமே வராது, உதடு மட்டும் அசையும். நாங்க பிள்ளைங்க எதுத்தாப்ல உக்காந்து அதே மாதிரி பண்ணி விளையாடுவோம். மெட்ராசுல வராத வார்த்தை இந்த யாரங்கேதான். யா, யான்னு நின்னுருச்சாம்."

"இது ஒண்ணுதானா?"

"அஞ்சு காட்சி. இது தர்பாரு. அப்புறம் வேட்டை, சண்டை, ஜெயிலு. கடைசில ராஜா சாகுறது."

என் வலது கையின் ஐந்து விரலையும் பார்த்துக்கொண்டேன். துண்டைப் பற்றி நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அஞ்சுக்கும் நேரமில்லைன்னா என்னக்கா செய்வாரு?"

"மேலுக்கு முடியாத அன்னைக்கு நடுவுல மூணையும் விட்டுருவாரு. முதலும் கடைசியும் மட்டும் பண்ணுவாரு. ஏன் கேக்கீங்க?"

ஐந்தை இரண்டாகக் குறைத்தவன் நான். ஒன்று அந்த போனில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பாக்கி.

"கடைசிக் காட்சி எப்படி இருக்கும்?"

"நெஞ்சப் பிடிச்சிட்டு விழுவாரு பாய். நாங்க கைதட்டினதும் எந்திரிச்சுக் கும்பிடுவாரு." அக்கா அந்த அறைப் பக்கம் பார்க்காமலே சொன்னார். "ஒரு நாள் அப்படித்தான் விழுந்தாரு. நாங்க கைதட்டிக்கிட்டே இருந்தோம். ரொம்ப நேரம்."